மூன்று பாஸ்போர்ட், மூன்று கடைசிப் பெயர்

ஆறு வருடத்துக்குப் பிறகு 2025 கோடையில் ஊருக்குப் போய் வந்தோம். நான், அம்மா, 15 வயது மகன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. ரொறன்ரோவில் ஏறி, வழியில் ஒரு நாட்டில் விமானம் மாறி, கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து வான் பிடித்து யாழ்ப்பாணம். வந்த நாளிலிருந்து போகப்போகிற ஆட்கள் எல்லாரும் “எயார்போர்ட்டில் என்ன கேட்டாங்கள், எவ்வளவு நேரம் வச்சிருந்தாங்கள்” என்றே கேட்கிறபடியால் ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

முதலில் விசா. 2012 முதல் இருக்கிற, இணையத்தில் விண்ணப்பித்து எடுக்கிற ஈ.ரி.ஏ. என்ற பயண அனுமதிதான் இப்போதும். 2024 ஏப்ரலில் இந்தப் பொறுப்பை வெளித் தனியார் நிறுவனங்களிடம் கொடுத்து, கட்டணமும் ஏறி, பெரிய சண்டையாகி, உயர் நீதிமன்றம் ஓகஸ்டில் அதை இடைநிறுத்திப் பழைய முறைக்கே போகச் சொன்னது. அந்த உத்தரவை நடைமுறைப்படுத்தவில்லை என்று குடிவரவு திணைக்களத் தலைவரையே விளக்கமறியலில் வைத்தார்கள். கூடக் காசு போனதுதான் எங்கள் ஆட்களுக்குக் கோபம். எனக்கு அதைவிட, வருகிறவர்களின் பாஸ்போர்ட் விபரமெல்லாம் யார் கையில் போகிறது என்ற கேள்வி பெரிதாகப் பட்டது, வழக்குப் போட்டவர்களும் அதைக் கேட்டிருந்தார்கள். சரி, நாங்கள் விண்ணப்பித்தபோது சிக்கல் ஒன்றும் இல்லை.

சிக்கல் வந்தது விமானம் மாறிய இடத்தில். அந்த நாடும் விமான நிலையமும் வேண்டாம், விடுங்கள். அடுத்த விமானத்துக்கு போர்டிங் பாஸ் கேட்டால் கணினி மாட்டேன் என்றது. கவுண்டரில் இருந்த பெண் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார், மேலாளரைக் கூப்பிட்டார், மூன்று பாஸ்போர்ட்டும் உள்ளறைக்குப் போய்விட்டன. 55 நிமிடம். அம்மா சக்கர நாற்காலியில், பக்கத்தில் கைப்பை, அதற்குள் மருந்து.

உள்ளே இருந்து வந்தவர் ஒவ்வொரு பாஸ்போர்ட்டாக விரித்து வைத்தார். அம்மாவுடையதில் கடைசிப் பெயர் அவருடைய அப்பா பெயர், பிறப்புச் சான்றிதழில் இருந்தபடி. என்னுடையதில் என் அப்பா பெயர். மகனுடையதில் என் பெயர். மூன்று பேர், மூன்று கடைசிப் பெயர், நடுவில் ஒரு சின்னப் பெடியன். அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு விளங்கியது, பிள்ளை கடத்துகிறவர்களைப் பிடிக்கத்தானே அவரை அங்கே இருத்தியிருக்கிறார்கள். மனைவி எழுதிக் கையெழுத்து வைத்த சம்மதக் கடிதத்தை நீட்டினேன். அதில் மனைவியின் கடைசிப் பெயரும் மகனுடையதும் ஒன்று, என்னுடையது வேறு. “இது தாய், இது மகன், அப்ப நீ யார்?” என்று கேட்டார். மகன் சிரித்துவிட்டான். அவனுடைய தொடையில் ஒரு கிள்ளு.

ஆனால் கணினி மறித்தது மகனை இல்லையாம், என்னை. என் பெயரும் ஏதோ ஒரு பட்டியலில் இருக்கிற பெயரும் ஒத்துப் போகிறது. எந்தப் பட்டியல் என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். என் பெயரில் எங்கள் ஊரில் மட்டும் பத்துப் பேராவது இருப்பார்கள், அதிலே மூன்று பேர் ஒரே பள்ளிக்கூடம்.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. தேடப்படுகிற ஆள் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டுத் தப்பிவிடக் கூடாது என்பதற்காக, கணினி கிட்டத்தட்ட ஒத்துவருகிற பெயர்களையும் சேர்த்துத்தான் பிடிக்கும். அது நியாயமான ஏற்பாடு. ஆனால் எங்கள் பெயர்களை இங்கிலீசில் எழுதுவதற்கு ஒரு ஒழுங்கு எங்கே இருக்கிறது? ‘த’வுக்கு ஒருவர் ரி மட்டும் போடுவார், ஒருவர் ரி எச், இன்னொருவர் டி எச். ‘ழ’வைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். எனக்கும் அண்ணாவுக்கும் ஒரே அப்பா, எங்கள் பிறப்புச் சான்றிதழ்களில் அப்பா பெயர் இரண்டு விதமாக இருக்கிறது, எழுதினவரின் கைவண்ணம். அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகி, கிட்டத்தட்ட ஒத்துவருகிற எல்லாம் வலையில் விழுந்தால், அப்பாவித் தமிழன் விழுவது ஆச்சரியமா? பிறந்த திகதியையும் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. 55 நிமிடத்துக்குப் பிறகு அதைத்தான் பார்த்தார்கள்.

கட்டுநாயக்காவில் என்ன நடக்கப் போகுதோ என்று வயிற்றைக் கலக்கியது. என் கனேடியப் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் ஜாஃப்னா என்று பளிச்சென்று இருக்கும். அங்கே இருந்த இளம் அதிகாரி மூன்றையும் வாங்கினார், பெயர்களை ஒருமுறை பார்த்தார், “தாத்தா பெயர், அப்பா பெயர், உங்கட பெயர்” என்று விரலால் எண்ணினார். அவ்வளவுதான். கொஞ்சத் தமிழில் “அம்மா எந்த ஊர்?” என்றார். “இணுவில், மோனே” என்றார் அம்மா. முத்திரை விழுந்தது. நாலு நிமிடம் இருக்கும். எல்லாருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் தமிழ்ப் பெயர் எப்படி அடுக்கப்படும் என்று தெரிந்த ஒருவர் கவுண்டரில் இருந்தால் எவ்வளவு நேரம் மிச்சம் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

பட்டியலுக்குப் பயப்பட எங்கள் ஆட்களுக்குக் காரணமும் இருக்கிறது. 2014இல் இலங்கை அரசு பயங்கரவாதத்தோடு தொடர்புள்ளவர்கள் என்று வர்த்தமானியில் 424 பேரின் பெயரைப் போட்டது, பலர் வெளிநாட்டில் இருந்தவர்கள். 2015இல் ஆட்சி மாறியதும் 267 பேரை எடுத்தது. 2021இல் திரும்பவும் நூற்றுக்கணக்கில் சேர்த்தது, 2022இல் 316 பேரை எடுத்தது. ஆட்சியோடு சேர்ந்து ஒருவரின் ஆபத்தும் ஏறி இறங்குமா? அதே 2014 ஒக்டோபரில்தான் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்றார்கள். 2015 ஜனவரியில் அது நின்றது, அந்த ஆவணியில் வடக்குக்குப் போகிற வழியில் இருந்த ஓமந்தைச் சோதனைச் சாவடியும் போனது. இந்த முறை வான் அந்த இடத்தைக் கடந்தபோது மகனுக்குக் காட்டினேன், “இங்கேதான் இறங்கி நிற்க வேணும்.” அவன் எட்டிப் பார்த்தான். ரோட்டுத்தான் தெரிந்தது.

சோதனையே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். 2019 ஓகஸ்டில் போனபோது நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சனத்தைச் சோதித்துச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள், ஈஸ்டர் குண்டுகள் வெடித்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் அந்தக் குண்டுகளைக் கட்டியவர்கள் குடிவரவு கவுண்டரில் வரிசையில் நின்று வந்த வெளிநாட்டவர்கள் இல்லை, அந்த நாட்டுக்காரர்களே. எச்சரிக்கையும் இந்தியாவில் இருந்து முன்கூட்டியே வந்திருந்தது. வந்ததை வைத்து ஒன்றும் செய்யவில்லை என்றுதான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி உட்படப் பலரை நட்டஈடு கட்டச் சொன்னது. கையில் இருந்த எச்சரிக்கையைப் பாராமல் விட்டுவிட்டு, என் அப்பா பெயரில் எத்தனை எழுத்து என்று மினக்கெட்டு எண்ணி என்ன பிரயோசனம்?

போகிறவர்களுக்கு: பிள்ளையோடு தனியாகப் போனால் மற்றப் பெற்றோரின் சம்மதக் கடிதம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் கைப்பையில். பொதிக்குள் வைக்காதீர்கள். உங்கள் பெயரும் பட்டியலில் இருக்கிற வேறொருவரின் பெயரும் ஒன்று என்று மறிபட்டிருந்தால் கனடாவில் 2020 முதல் அதற்கென்று ஒரு பயண எண் தருகிறார்கள், டிக்கெட் போடும்போது அதைச் சேர்த்துக் கொடுக்கலாம். பிள்ளைகள் மறிபட்ட பெற்றோர்கள் வருடக்கணக்காகக் கத்தித்தான் அது வந்தது. கனடாவுக்கு வருகிற, போகிற, உள்ளே பறக்கிற விமானங்களுக்குத்தான் அது, இடையில் மாறுகிற நாட்டுக்காரன் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டான்.

இணுவிலில் விறாந்தையில் இருந்து எனக்கு அந்தப் பயண எண்ணுக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். “கனடாவில் உன்ர பெயரை எப்பிடி எழுதியிருக்கு, அப்பிடியே எழுது” என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அண்ணாவின்ரையைப் பார்த்து எழுதிப்போடாதே” என்றார்.