வெந்நீர் நூலாக இழுக்கிறதா: பம்பா, புது கீசரா, அடைப்பு எடுப்பதா?

பச்சைத் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, வெந்நீர் பக்கம் திருப்பினால் நூல் மாதிரி இழுக்கிறது. போன மார்கழியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் இதுதான் நிலைமை. மூன்றாவது மாடி, போர் தண்ணீர், 15 லிட்டர் கீசர். வந்த முதல் பிளம்பர் "பிரஷர் பம்ப் போட்டுடலாம் சார்" என்றார், இரண்டாமவர் கீசரையே மாற்றச் சொன்னார், எதிர்வீட்டுக்காரர் உள்ளே ஆசிட் ஊற்றச் சொன்னார். மூன்று பேரில் ஒருவர்கூட ஒரு பக்கெட்டை எடுத்து வைத்துப் பார்க்கவில்லை.

பக்கெட் சோதனைக்குக் காசு கிடையாது. 10 லிட்டர் பக்கெட் நிரம்ப இரண்டு பக்கமும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் பாருங்கள். எங்களுக்குப் பச்சைத் தண்ணீர் ஒன்றேகால் நிமிடம், வெந்நீர் நான்கு நிமிடத்துக்கு மேல். இரண்டுமே மெதுவாக இருந்தால் சிக்கல் டேங்க் உயரத்திலோ பொதுக் குழாயிலோ இருக்கும். வெந்நீர் மட்டும் மெதுவென்றால் கீசருக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் சுவரில் இருக்கும் சின்னத் திருகு குழாயான ஆங்கிள் காக்கிலிருந்து, பச்சைத் தண்ணீரும் வெந்நீரும் கலக்கும் மிக்சர் வரை நடுவில் எங்கேயோ அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடைப்புக்குப் பம்ப் தீர்வு இல்லை, ஆனால் பம்ப் தேவைப்படும் வீடுகளும் உண்டு. 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். கடைசி மாடியில், ஷவருக்கும் டேங்குக்கும் இரண்டு மீட்டர்தான் வித்தியாசம் என்றால் கிடைப்பது வெறும் 0.2 பார், அதை வைத்துக்கொண்டு பெரிய மழை ஷவர் மாட்டினால் சொட்டத்தான் செய்யும். அந்த வீட்டுக்குப் பம்ப் சரி. ஆனால் டேங்கிலிருந்து வரும் குழாயில், பச்சை, வெந்நீர் இரண்டும் பிரிவதற்கு முன்னால் மாட்ட வேண்டும். பச்சைத் தண்ணீர் பக்கம் மட்டும் மாட்டினால் மிக்சருக்குள் அது வெந்நீரை அமுக்கி இன்னும் மோசமாக்கும். பழைய ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்றால் இன்னொரு பயம், துரு தின்று மெலிந்த இடம் பம்ப் அழுத்தத்தில் ஒழுக ஆரம்பிக்கலாம்.

அடைப்பு எடுப்பதற்குத்தான் என் ஓட்டு. கீசருக்கான எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்து, தண்ணீர் ஆறும்வரை காத்திருந்து, ஆங்கிள் காக்கை மூடிவிட்டு நுழைவு ஹோஸைக் கழற்றி பக்கெட்டில் விட்டுத் திறந்து பாருங்கள். அங்கே நன்றாக வந்தால் திரும்ப மாட்டி, வெளியேறும் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். அங்கேயும் நன்றாக வந்தால் கீசர்மேல் பழி போடாதீர்கள், தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பும் டைவர்ட்டரோ, குழாய் வாயில் இருக்கும் வலையோ, சுவருக்குள் போகும் குழாயோதான். எங்களுக்கு நுழைவு ஹோஸில் பிய்த்துக்கொண்டு வந்தது, வெளியே வரும்போது சொட்டியது. நுழைவில், தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் 'நான்-ரிட்டர்ன்' வால்வைக் கழற்றினால், உள்ளே முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் செதில்கள், ஸ்பிரிங் பாதி திறந்த நிலையில் இறுகிப்போயிருந்தது. புது வால்வு சில நூறு ரூபாய்தான், அதோடு பக்கெட் ஒன்றரை நிமிடத்தில் நிரம்பிவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், "அந்த வால்வே வேண்டாம், எடுத்து எறிந்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பல கீசர்களில் அதிக அழுத்தத்தை வெளியேற்றும் வேலையும் அதே வால்வில்தான் இருக்கும்.

தொட்டிக்குள்ளேயே உப்பு படிந்திருந்தால் சர்வீஸ் ஆளை வைத்துச் சிட்ரிக் ஆசிட்டில் கழுவலாம். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை மட்டும் ஊற்றாதீர்கள், தொட்டியின் உள்பூச்சையும் ஹீட்டர் காயிலையும் அது தின்றுவிடும். தண்ணீர் சூடாகச் சூடாகச் சுண்ணாம்பு அதிகம் படியும், அதனால் தெர்மோஸ்டாட்டை உச்சத்திலேயே வைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

புது கீசருக்கு வருவோம். தொட்டி ஒழுகினால் மாற்றித்தான் ஆக வேண்டும், அழுத்தத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். அதுவும் "இன்ஸ்டன்ட் போடுங்க, வேகமா வரும்" என்று கடையில் சொல்வதை நம்பி 3 லிட்டர், 3 கிலோவாட் வாங்கினால், தொட்டியில் இருப்பது தீர்ந்த பிறகு தண்ணீரை 25 டிகிரி கூட்டிக்கொண்டே இருக்க நிமிடத்துக்கு 1.7 லிட்டர்தான் முடியும். வேகமாகத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும். குளிர்காலத்தில் தலைக்குக் குளிக்கும்போது தெரியும் சேதி.

கடைசியாக, சுவரை உடைத்து ஜிஐ குழாயை எடுத்துவிட்டு, வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாயான சிபிவிசி போடுவது. மேலே சொன்ன சோதனையில் கீசர் வாயில் நன்றாக வந்து மிக்சரில் வராமல், டைவர்ட்டர் மாற்றியும் கேட்கவில்லை என்றால் மட்டும் இதற்குப் போகலாம். டைல்ஸ் போகும், இரண்டு மூன்று நாள் குளியலறை கிடையாது. சாதாரண பிவிசி வெந்நீருக்கு ஆகாது, எனவே சிபிவிசிதானா என்று குழாய் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டே மேஸ்திரியைப் பூச விடுங்கள்.