ஜாஸ்பருக்கு பிளாட் லேப்பா, ஆறு சக்கர மெஷினா?

பொறுக்கி வந்த ஜாஸ்பர் என்ற வண்ணக் கல்லை அறுத்துப் பட்டை தீட்ட வேண்டும் என்று ஆசை வந்தவுடன் எல்லோரும் மூன்று கருவிகளுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள்: டம்ப்ளர், பிளாட் லேப், கேபிங் மெஷின். நான் வாங்கியது பிளாட் லேப், நாளைக்கு இது பழுதாகிப் போனாலும் அதையேதான் திரும்ப வாங்குவேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், காரணங்களைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டம்ப்ளர், அதாவது கற்களையும் தேய்க்கும் தூளையும் தண்ணீரோடு போட்டு உருட்டும் பீப்பாய், அதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஆற்றிலும் கடற்கரையிலும் ஏற்கெனவே பாதி உருண்டுபோன சிறு கற்களைப் பொறுக்குகிறவருக்கு அது போதும். 60/90 சிலிகான் கார்பைடு தூள் (இந்த எண்தான் கிரிட், எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்), பிறகு 120/220, பிறகு 500, கடைசியில் பாலிஷ் தூள், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம். கற்கள் ஒரே கடினத்தன்மையில் இருக்க வேண்டும், கழிவுச் சேற்றைச் சாக்கடைக் குழாயில் ஊற்றக் கூடாது (குழாயில் படிந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும்), அவ்வளவுதான். ஆனால் கல்லின் எந்த முகம் வெளியே தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பது டம்ப்ளர்தான், நீங்கள் இல்லை. கைப்பிடி அளவுக் கட்டிகளாக எடுத்து ரம்பத்தில் அறுத்து வில்லை போடுகிறவர்களுக்கு உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான்.

இரண்டும் செய்வது ஒரே வேலை. பிளாட் லேப்பில் வைரத் துகள் பதித்த ஒரு தட்டு கிடைமட்டமாகச் சுழலும், ஒவ்வொரு கட்டத்துக்கும் தட்டை மாற்றுவீர்கள். கேபிங் மெஷினில் 80, 220, 280, 600, 1200, 3000 என்று ஆறு சக்கரங்கள் ஒரே தண்டில் வரிசையாக நிற்கும், நீங்கள் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தால் போதும். முதல் இரண்டும் இறுகிய சக்கரங்கள், மற்றவை மெத்தென்ற ரெசின் சக்கரங்கள். அடி தட்டையாகவும் மேல்பக்கம் குவிமாடம் மாதிரி வளைந்தும் இருக்கும் கபோஷான் கற்களைச் செய்வதற்கென்றே உருவான மெஷின் அது, அந்த வேலையில் பிளாட் லேப் அதனிடம் தோற்கும். அதை மறுக்கவில்லை.

ஆனால் ஜாஸ்பருக்கு அந்த வளைவு எவ்வளவு வேண்டும் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். அகேட் என்ற நுண்படிகக் குவார்ட்ஸ் கல் ஒளியை உள்ளே விடும், அதனால் உயரமாக வளைத்தால் ஆழம் கூடித் தெரியும். ஜாஸ்பரும் அதே நுண்படிகக் குவார்ட்ஸ் குடும்பம்தான், ஆனால் அதற்குள் இருபது சதவீதம் வரைகூட வேற்றுப் பொருள் கலந்திருக்கும். ஹேமடைட் சிவப்பைத் தருகிறது, கோயதைட் மஞ்சளையும் பழுப்பையும் தருகிறது, அந்தக் கலப்பே ஒளியையும் மறித்துவிடுகிறது. எனவே ஜாஸ்பரின் அழகு முழுவதும் மேற்பரப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து பிக்ஸ், ஒவைஹீ பிக்சர் ஜாஸ்பர்களில் மலையும் அடிவானமும் வரைந்தது போலக் கோடுகள் ஓடும். அதை உயரமான வளைவில் வைத்தால் அடிவானம் ஓரத்தில் மடிந்து போகும், தட்டையாக அல்லது மிகத் தாழ்ந்த வளைவில் விட்டால்தான் காட்சி காட்சியாக நிற்கும். பெரிய தட்டை முகத்தைச் சக்கரத்தில் தேய்த்துப் பாருங்கள், அலை அலையாக வரும். தட்டில் அது இயல்பாக வரும். மடகாஸ்கரின் ஓஷன் ஜாஸ்பரில் வட்ட வட்டமான உருவங்கள் உண்டே, அவற்றின் நடுவெட்டு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும், வட்டம் முழு அகலத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். ஒரே தளமாக இறங்கும் தட்டில் அது எளிது.

இன்னொன்று, குழிவிழுதல். ஜாஸ்பர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கடினமாக இருப்பதில்லை. மோஸ் கடினத்தன்மை அளவில் 6.5 முதல் 7 வரை என்று எல்லோரும் எழுதுவார்கள், ஆனால் ஒரே வில்லையில் மென்மையான திட்டுகளும் நுண்துளைகளும் இருக்கும். மெத்தென்ற பரப்பு அந்தத் திட்டுகளுக்குள் அமுங்கிக் கூடுதலாகத் தோண்டிவிடும், பாலிஷ் முடிந்து சாய்த்துப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி தெரியும். இறுகிய தட்டு மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்தே சீவுவதால் இந்தத் தொல்லை குறைகிறது. அதே இறுக்கம் வளைவு செய்யும்போது சிறு சிறு தட்டை முகங்களை விட்டுவிடும் என்பதும் உண்மை. அதற்குத் தட்டின் அடியில் பஞ்சு அட்டை வைக்கிறோம், கல்லைக் குச்சியில் அரக்கு வைத்து ஒட்டிக்கொண்டு கையை நிறுத்தாமல் சுழற்றுகிறோம். பழக வேண்டிய வேலைதான்.

சரி, இப்போது என்னை முடிவெடுக்க வைத்த விஷயம்: பராமரிப்பு. ஜாஸ்பர் வைரப் பரப்பைத் தின்னும் கல். அதிலும் 80 கிரிட்தான் முதலில் சாகும், ஏனென்றால் பெரும்பகுதிக் கல்லை வெளியேற்றுவது அதுதான், ரம்பத்திலிருந்து வரும் கூரான மூலைகள் முதலில் மோதுவதும் அதில்தான். இப்போது கணக்கைப் பாருங்கள். 15 செ.மீ. விட்டமும் 3.8 செ.மீ. அகலமும் உள்ள சக்கரத்தின் தேய்க்கும் பரப்பு சுமார் 180 சதுர செ.மீ. 20 செ.மீ. தட்டுக்கு 314. நடுவில் 7 செ.மீ. வட்டத்தைப் பயனில்லை என்று கழித்தாலும் 275 மிஞ்சும். அதாவது ஒன்றரை மடங்கு பரப்பு, அதுவும் மெல்லிய உலோகத் தகட்டில் மின்முலாம் பூசியது, முழுச் சக்கரத்தைவிட விலை மிகக் குறைவு. நடுப்பகுதி மெதுவாகவும் விளிம்பு வேகமாகவும் ஓடுவதால் எல்லோரும் விளிம்பிலேயே தேய்த்து அதை மட்டும் மொட்டையாக்குகிறார்கள். விளிம்பில் கனமான வேலையும் உள்பக்கம் நுணுக்கமான வேலையும் என்று பிரித்துக்கொண்டால் ஒரே தட்டில் இரண்டு வேகம் கிடைக்கும், தட்டும் நெடுநாள் வரும்.

மாற்றுவதையும் பாருங்கள். தட்டு மொட்டையானால் ஒரு திருகைக் கழற்றிப் புதியதைப் போட்டுவிடலாம். சக்கரம் மொட்டையானால், அது உள்பக்கம் இருக்கும் பட்சத்தில் வெளியில் இருப்பதையும் உருவி எடுத்து, திரும்ப அடுக்கி, அதிர்வில்லாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். புதிய ரெசின் சக்கரம் ஆரம்பத்தில் கீறல் போடும், விளிம்பும் கூர்மையாக இருக்கும், அதனால் வேண்டாத அகேட் துண்டு எதையாவது வைத்துப் பழக்க வேண்டும். தட்டுகளுக்கும் இந்தப் பழக்கல் தேவைதான், ஆனால் ஆறையும் ஒன்றாகக் காசு கொடுத்து வாங்கி நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. 180, 600, 1200, 3000 என்று நான்கு தட்டும், கடைசியில் தோல் மேல் சீரியம் ஆக்ஸைடு என்ற பாலிஷ் தூளும் வைத்துக்கொண்டு நல்ல ஜாஸ்பரைக் கண்ணாடி மாதிரி கொண்டுவர முடியும். 80-ஐப் பிறகு வாங்கலாம், கல்லில் வரைந்த கோட்டை ஒட்டி ரம்பத்தில் அறுத்துவிட்டால் அதன் தேவையே பாதி குறையும்.

பிளாட் லேப்பின் பராமரிப்பில் ஒரே பெரிய தலைவலி கலப்படம். கிண்ணம் ஒன்றுதான், அதில் எல்லா கிரிட்டும் ஓடுகிறது. 180-இன் ஒரே ஒரு துகள் 1200 தட்டுக்கு வந்துவிட்டால் போதும், பின்னோக்கிப் போய் முதலிலிருந்து தேய்க்க வேண்டும். எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிண்ணம், தடுப்பு, கை, நகக்கண், கல்லின் விரிசல், அரக்கின் ஓரம் எல்லாவற்றையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டுகளைத் தனித்தனி உறையில் துடைத்து உலர்த்தி வைக்க வேண்டும், ஈரத்தோடு விட்டால் இரும்புத் தகடு துருப்பிடிக்கும். கேபிங் மெஷினில் இந்தக் கழுவல் இவ்வளவு இல்லை, நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கபோஷான் செய்கிறவர்களுக்கு அந்த நேரமே பெரிய லாபம், அவர்களுக்கு நான் பிளாட் லேப்பைச் சொல்ல மாட்டேன். ஒரே தொட்டித் தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் மெஷின் என்றால் மட்டும் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

கேபிங் மெஷினில் நான் வேலை பார்த்தது இரவல் வாங்கித்தான், அதனால் அதன் சக்கரங்கள் பல வருடங்களில் எப்படித் தேய்கின்றன என்பதை என் கையால் பார்த்ததில்லை. சொந்தமாக வைத்திருப்பவர்கள் சொல்வதை அந்த இடத்தில் என் பேச்சுக்கு மேலாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியானாலும் தண்ணீர் இல்லாமல் ஜாஸ்பரைத் தொடாதீர்கள். சிலிகாத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும், அதற்கு மருந்தில்லை. மேசையில் தெறித்த சேறு காய்ந்தால் அதுவும் தூசிதான், ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட வேண்டும்.

பழைய பிளாட் லேப் ஒன்று கைக்கு வந்தால், தண்டு செங்குத்தாக நிற்பதால் தண்ணீர் கீழே பேரிங்குக்குள் இறங்கும் வாய்ப்பு இருக்கிறது, அதைத்தான் முதலில் பாருங்கள். தட்டில்லாமல் ஓடவிட்டுக் கரகரவென்று சத்தம் வருகிறதா கேளுங்கள், அப்புறம் தட்டைப் போட்டு விளிம்பு மேலும் கீழும் ஆடுகிறதா என்று கண்ணளவில் பாருங்கள். ஆடும் மெஷினில் எந்தத் தட்டைப் போட்டாலும் தட்டை முகம் வராது.