பிடிக்காத பொருளைத் திருப்பித் தர: தெருமுனைக் கடையா, நேரு வீதி ஷோரூமா, ஆன்லைனா?

கலர் பிடிக்கவில்லை, சைஸ் சேரவில்லை, வீட்டில் ஏற்கெனவே இதே மாதிரி ஒன்று இருக்கிறது என்று சொல்லி, வாங்கிய பொருளைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்க நம் ஊரில் சட்டப்படி உரிமை இல்லை. அப்படி ஓர் உரிமை இருப்பதாக நிறையப் பேர் நினைத்துக்கொண்டு கவுண்டரில் நின்று சண்டை போடுகிறார்கள். பாண்டிச்சேரியில் பிரான்ஸிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரர்கள் "அங்கே 14 நாளைக்குள் காரணமே சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம்" என்பார்கள். உண்மைதான், ஆனால் அங்கேயும் அது ஆன்லைனிலோ போனிலோ வாங்கியதற்குத்தான், கடைக்கு நேரில் போய் வாங்கியதற்கு இல்லை.

பொருளில் குறை இருந்தால் விஷயம் தலைகீழ். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் இத்தனை நாள் என்று போட்டிருந்தால் அத்தனை நாள், எதுவுமே போடவில்லை என்றால் 30 நாள். அதனால் "விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்த வரியைக் காட்டினால் பயந்து திரும்ப வேண்டாம். பிடிக்கவில்லை என்று போனவருக்கு அந்த வரி பொருந்தும், கிழிசலோடு போனவருக்குப் பொருந்தாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கே வாங்குவது என்று பார்த்தால், பிடிக்காமல் போக வாய்ப்புள்ள பொருளுக்கு என் ஓட்டு பழகின கடைக்குத்தான். கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாப்புலியூரிலோ வருஷக்கணக்காகப் போகிற துணிக்கடையில், மறுநாள் கவரோடு போய் நின்றாலே போதும், கடைக்காரர் முதலில் டேக்கைத்தான் பார்ப்பார், அப்புறம் மடிப்பு கலைந்திருக்கிறதா என்று விரித்துப் பார்ப்பார், "கட்டலையேம்மா? சரி, வேற எடுத்துக்கோ" என்பதோடு முடிந்துவிடும். பணமாகத் திரும்பக் கிடைப்பது அபூர்வம். ஆனால் அந்த விலைக்கு வேறு பொருள் கிடைக்கும், மிச்சம் இருந்தால் கணக்கில் வைத்துக்கொள்வார். இதெல்லாம் அவர் பழக்கத்துக்காகச் செய்வது, சட்டத்துக்காக இல்லை. பலவீனமும் இங்கேதான் இருக்கிறது: பழக்கத்தை நம்பிப் பில் கேட்காமல் வந்துவிடுகிறோம், மிக்ஸி ரெண்டு வாரத்தில் புகைந்தால் கையில் காகிதம் இருக்காது. பில் தர மறுப்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். ஜிபே செய்த விவரம் பணம் போனதைத்தான் காட்டும், என்ன வாங்கினோம் என்பதைக் காட்டாது.

பாண்டி நேரு வீதி, காந்தி வீதிப் பக்கம் இருக்கும் பெரிய ஷோரூம்களில் பில் தானாக வந்துவிடும். ஆனால் அந்தப் பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் பணம் கட்டும் முன்பே படிக்க வேண்டும். ஏழு நாள் என்று ஒரு கடை போடும், மூன்று நாள் என்று இன்னொன்று, ஆஃபரில் எடுத்தது மாற்ற முடியாது, ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் கிடையாது, சில இடங்களில் குறிப்பிட்ட மணிக்குள் வந்தால்தான் மாற்றித் தருவார்கள். கடலூரிலிருந்து தீபாவளிக்கு எடுத்துக்கொண்டு போனவர்கள் ஒரு புடவையை மாற்ற இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் திரும்ப வர வேண்டும், வந்து பார்த்தால் நேரம் முடிந்திருக்கும். அப்படி ஒரு கடையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா ஒருத்தர் பையிலிருந்து புடவையை எடுத்து மேஜையில் விரித்தார், முந்தானைக்குக் கொஞ்சம் மேலே ஜரிகை ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து கிடந்தது. கவுண்டரில் இருந்த பையன் கீழ் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "ஃபால்ஸ் அடிச்சிட்டீங்களே, எடுக்க முடியாதுக்கா" என்றான். பிடிக்கவில்லை என்று வந்திருந்தால் அவன் சொன்னது சரி. நெசவிலேயே குறை இருக்கும்போது ஃபால்ஸ் அடித்ததைக் காரணம் காட்டி அனுப்புவது அநியாயம், அந்தக் குறையை ஃபால்ஸா உண்டாக்கியது? இந்த இடத்தில் சத்தம் போடுவதைவிட மேனேஜரைக் கூப்பிட்டு, குறையை போட்டோ எடுத்து, முடியாது என்பதை எழுதித் தரச் சொல்லிக் கேட்பது வேலைக்கு ஆகும்.

பணத்துக்குப் பதிலாக, அதே தொகைக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று கடை எழுதித் தரும் கிரெடிட் நோட் விஷயத்திலும் இதே வித்தியாசம்தான். பிடிக்காத பொருளுக்கு கிரெடிட் நோட் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், எந்தத் தேதி வரை செல்லும், வேறு கிளையில் செல்லுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். குறையுள்ள பொருளுக்கு அதை நீட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, ஜிஎஸ்டியோடு கட்டிய பணத்தைக் கேட்கலாம்.

ஞாயிறு சந்தையில் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை குறைவு, பில் கிடையாது, அடுத்த வாரம் அதே ஆள் அதே இடத்தில் இருப்பார் என்றும் இல்லை. அங்கேயே வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஆன்லைனில் செருப்பு, சட்டை போன்ற சைஸ் சந்தேகமுள்ள பொருள்களுக்கு எந்தக் கடையையும்விட வசதி அதிகம், வாசலுக்கே வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள், பணமும் பெரும்பாலும் வந்த வழியே திரும்பும். ஆனால் இதுவும் அந்தந்தத் தளத்தின் சலுகைதான். வாங்கும் பக்கத்திலேயே திருப்பலாமா, மாற்றிக்கொள்ள மட்டும் முடியுமா, இரண்டும் இல்லையா என்று போட்டிருக்கும், உள்ளாடை மாதிரிப் பொருள்களைப் பொதுவாகத் திரும்ப எடுக்க மாட்டார்கள். உரிமையாக நமக்கு இருப்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் சொல்லியிருப்பது: குறையுள்ளது, போலியானது, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறானது, சொன்ன தேதிக்கு மேல் தாமதமாக வந்தது, இவற்றைத் திரும்ப எடுக்க விற்றவர் மறுக்கக் கூடாது. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கொஞ்சம் விலை அதிகமான பொருள் என்றால் பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது, உள்ளே வேறு பொருள் இருந்தால் அதுதான் நம் பக்கம் பேசும்.

கடை மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இது: பழைய 1986 சட்டத்தில், கடை இருக்கும் ஊரிலோ பிரச்சினை நடந்த இடத்திலோதான் வழக்குப் போட வேண்டும், பாண்டியில் வாங்கியதற்குப் பாண்டிக்கே அலைய வேண்டியிருந்தது. புதிய சட்டத்தில் நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே போடலாம், அதாவது நேரு வீதியில் எடுத்த புடவைக்குக் கடலூர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், பில், போட்டோ, கடைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கூடவே வையுங்கள்.