மேற்குச் சன்னலுக்கு ஒரு திரையும் ஒரு தட்டியும்

எங்கள் கணக்கு அலுவலகம் திருச்சியில் ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. மேற்குப் பார்த்த இரண்டு சன்னல்கள். ஒவ்வொன்றும் ஆறடிக்கு ஐந்தடி. அவற்றுக்கு மேலே சன்ஷேடு இருந்தும் பயனில்லை, ஏனெனில் உச்சி வெயிலைத்தான் அது மறைக்கும். மூன்று மணிக்கு மேல் சரிந்து வரும் வெயில் அதன் அடியில் புகுந்து கணினித் திரைவரை எட்டிவிடும். பங்குனியில் உள்புறம் ரோலர் பிளைண்ட்ஸ், அதாவது உருளையில் சுருட்டி ஏற்றி இறக்கும் துணித்திரை, மாட்டினோம். சித்திரை பாதியில் அது போதவில்லை என்று தோன்றி, வெளிப்புறம் மூங்கில் தட்டியும் கட்டினோம். ஒரு கோடை முழுவதும் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

ரோலர் பிளைண்ட்ஸுக்கு நாங்கள் தேர்ந்தது பிவிசி பூசிய பாலியெஸ்டர் இழையில் நெய்த துணி. இந்த வகைத் துணியில் நெசவின் இடைவெளி எத்தனை விழுக்காடு என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. 10 விழுக்காட்டில் வெளிக்காட்சி நன்றாகத் தெரியும். ஆனால் மாலைச் சூரியனும் அதே அளவு தெளிவாகத் தெரிந்து கண்ணைக் கூசச் செய்யும். மேற்குச் சன்னலுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. முழு இருட்டுத் துணியையும் கடைக்காரர் காட்டினார். பட்டப்பகலில் எல்லா விளக்குகளையும் எரிக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டோம்.

நிறத்தில்தான் நான் தவறவிருந்தேன். அழுக்குத் தெரியாது என்று கரும்பழுப்பைக் கேட்டேன். நல்லவேளையாக உடன் பணிபுரியும் அம்மையார் மறுத்து, கண்ணாடியைப் பார்த்த பக்கம் வெள்ளையும் உள்பக்கம் சாம்பல் நிறமும் கொண்ட துணியை வாங்கச் செய்தார். கண்ணாடி வெயிலை உள்ளே விடுமே தவிர, அந்த வெயிலில் சூடேறிய துணி உமிழும் வெப்பக் கதிரை வெளியே விடாது. கரிய துணி வெயிலைக் குடித்துத் தானே ஓர் அடுப்பாகி அறையைச் சுடவைக்கும். வெள்ளைத் துணியோ வெயிலின் ஒரு பகுதியை, அது வெப்பமாக மாறும் முன்பே, வந்த வழியே கண்ணாடிக்கு வெளியே திருப்பி அனுப்பிவிடும்.

பொருத்த வந்தவர் செய்த கோளாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அளவெடுத்தபோது பேசியதற்கு மாறாக, அவர் உருளையைச் சன்னல் சட்டத்துக்குள்ளேயே மாட்டிவிட்டார். துணி எப்போதும் உருளையின் முழு நீளத்தைவிடக் குறுகலாகவே இருக்கும் என்பதால் இருபுறமும் ஓர் அங்குலச் சந்து விழுந்து, அதன் வழியே வெயில் கோடாக நீண்டு கோப்புகளின்மேல் படிந்தது. நான்கு முறை தொலைபேசியில் அழைத்த பிறகு, சட்டத்துக்கு வெளியே சுவரில் மாற்றி மாட்டினார்கள். துணி அகலமும் கூட வேண்டியிருந்ததால் அதற்கும் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

கண்கூச்சம் அன்றே ஒழிந்தது. வெம்மை ஒழியவில்லை. திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டால் அடுப்படி போல அனல் அடித்தது, அந்தச் சூடு மேல்விளிம்பு வழியாக அறைக்குள்தான் இறங்கிக்கொண்டிருந்தது. மாலை நான்கு மணி வெயிலில் ஒரு சதுர மீட்டர் மேற்குக் கண்ணாடியில் ஏறக்குறைய 500 வாட் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், எங்கள் இரு சன்னல்கள் வழியே நுழைவது மட்டும் இரண்டு கிலோவாட்டைத் தாண்டும். ஒன்றரை டன் ஏசியின் திறனோ ஐந்தே கால் கிலோவாட். அதில் ஐந்தில் இரண்டு பங்கு சன்னலோடு மல்லுக்கட்டவே போய்விடும்.

தட்டி இந்தக் கணக்கை மாற்றியது. சன்ஷேடின் வெளிவிளிம்பில் கொக்கி அடித்து, கண்ணாடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளித் தொங்கவிட்டோம். வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே மூங்கிலில் பட்டுவிடுகிறது. மூங்கில் ஏற்ற சூட்டை வெளிக்காற்று கொண்டுபோய்விடுகிறது. முன்பு 20 டிகிரியில் ஏசி ஓடியும் சன்னலோர நாற்காலிக்காரர் கைக்குட்டையோடுதான் உட்கார்ந்திருப்பார். திரை வந்தபின் 24 போதுமானதாயிற்று. தட்டி வந்தபின் 26-இல் வைத்து மின்விசிறியைச் சுழலவிட்டால் அக்னி நட்சத்திரத்திலும் யாரும் முணுமுணுக்கவில்லை. சதுர அடிக் கணக்கில் தட்டிக்கு நாங்கள் கொடுத்தது திரையின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது.

தட்டியிலும் குறை உண்டு. அதன் மடிப்பில் அணில் ஒன்று பஞ்சு சேர்க்கத் தொடங்கியது. அம்மியை நகர்த்தும் ஆடிக் காற்று அடித்தபோது தட்டி இரவெல்லாம் சுவரில் மோதி, கட்டியிருந்த சணல் கயிறு இரண்டு இடங்களில் அறுந்தது. இப்போது நைலான் கயிறு போட்டு, கீழ் நுனிகளையும் சுவர்க் கொக்கியில் கட்டியிருக்கிறோம். சன்னல் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவையாக இருந்தால் தட்டியை இன்னும் தள்ளிக் கட்ட வேண்டும். எங்களுடையவை நகர்த்தும் கதவுகள் என்பதால், கையை நீட்டிக் கயிற்றை இழுத்தே சுருட்டிவிட முடிகிறது.

கட்டட உரிமையாளர் வெளியே எதுவும் தொங்கக் கூடாது என்று சொல்லும் இடங்களில் வெள்ளை முதுகுள்ள ரோலர் திரையை வாங்கலாம், கண்கூச்சத்தைத் தணிக்க அது நிச்சயம் உதவும். அனுமதி கிடைத்தால் முதலில் தட்டியைக் கட்டிப் பாருங்கள். திரைக்கான பணத்தைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.