ஜில்லெட் கார்டு (Guard): குவளைத் தண்ணீருக்கு ஏற்ற ரேசர்

குழாயைத் திறந்துவிட்டு ஷேவ் செய்பவருக்கு இதன் அருமை புரியாது. இதற்கு முந்தைய ரேசரான வெக்டாரை ஜில்லெட் சோதித்தது அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்களிடம். அங்கே குழாய்த் தண்ணீர். இங்கே பலருக்கு ஒரு குவளைதான். பிளேடில் முடி அடைத்துக்கொண்டது. பிறகுதான் இங்குள்ள வீடுகளுக்கே வந்து, ஷேவ் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள்.

2010-இல் வந்த கார்டில் ஒரே பிளேடு, அலசினால் முடி கழன்றுவிடும் அமைப்பு, வெட்டுக்காயத்தைத் தடுக்கும் சீப்புப் பல், ஆணியில் மாட்டக் கைப்பிடியில் ஓட்டை. அறிமுக விலை 15 ரூபாய், மாற்று பிளேடு 5. விலைக்குத் தகுந்த சரக்குதான்.

நாலு நாள் தாடியா? ஒரே இழுப்பில் மழமழப்பு வராது. முடி வளரும் திசையில் ஒருமுறை, நுரை போட்டுப் பக்கவாட்டில் இன்னொருமுறை. அழுத்தினால் எரியும். குவளையில் அலசி உதறுங்கள். துண்டால் துடைத்தால் முனை மழுங்கும்.