78-65ஆ, 84-70ஆ: எந்த கென்டக்கியை நம்புவது?

அமெரிக்கக் கல்லூரி பாஸ்கட்பால். 2025 அக்டோபர் 24, கென்டக்கி பல்கலைக்கழகத்தின் சொந்த அரங்கமான லெக்சிங்டன் ரப் அரீனா. கென்டக்கி 78, பர்டூ 65. சீசன் தொடங்கும் முன் ஏபி செய்தி நிறுவனம் வெளியிட்ட முதல் 25 டீம் பட்டியலில் முதலிடத்தில் இருந்த டீம் அந்த பர்டூ. ஆறு நாள் கழித்து அதே அரங்கம், அதே நீலச் சட்டைக் கூட்டம், ஜார்ஜ்டவுன் 84, கென்டக்கி 70. ஜார்ஜ்டவுன் அந்தப் பட்டியலின் 25 இடங்களில் எங்கேயுமே இல்லை.

முதல் மேட்ச் முடிந்ததும் என் நண்பன் அனுப்பிய செய்தி: "மாப்ள, ஒன்பதாவது கப் வந்தாச்சு, வைக்க இடம் பாரு." இரண்டாவது முடிந்ததும் அவனே, "இந்த கோச்சை வச்சுக்கிட்டு ஒண்ணும் நடக்காதுடா." ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவனை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய, கென்டக்கி ரசிகர்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தோம். இரண்டுமே கணக்கில் சேராத எக்ஸிபிஷன் மேட்ச், வெற்றி தோல்விப் பட்டியலில் வரவே வராது, இருந்தாலும் எட்டு முறை சாம்பியன் ஆன ஒரு கல்லூரியின் ரசிகனிடம் போய் "இது சும்மா பிராக்டிஸ்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அக்டோபர் மேட்ச் என்பது உலை கொதிக்கும்போதே எடுத்துப் பார்க்கும் சோறு, வேகாமல்தான் இருக்கும். அரிசி பழசா புதுசா, கல் கிடக்கிறதா என்று வேண்டுமானால் தெரியும். அப்படிப் பார்ப்பதற்கு எந்த வகை மேட்ச் சரியானது? சின்னக் கல்லூரியோடு ஆடுவதா, வெளிநாட்டுப் பயணமா, கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவதா, சமமான டீமோடு எல்லார் முன்னாலும் மோதுவதா? எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு கடைசி வகைக்கு, அதிலும் தோற்ற மேட்சுக்கு.

முதலில் சின்னக் கல்லூரி. 2024 அக்டோபரில், கோச் மார்க் போப்பின் முதல் வருஷத்தில், கென்டக்கி இப்படி இரண்டு ஆடியது. கென்டக்கி வெஸ்லியனோடு 123-52, மினசோட்டா ஸ்டேட் மன்கேட்டோவோடு 98-67. இரண்டுமே டிவிஷன் டூ, அதாவது கென்டக்கி ஆடும் டிவிஷன் ஒன்னுக்கு ஒரு படி கீழே. இதில் ஒரு வேடிக்கை, கென்டக்கி வெஸ்லியனிடமும் எட்டு தேசியப் பட்டம் இருக்கிறது, டிவிஷன் டூவில். அதைச் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், 71 புள்ளி வித்தியாசத்தை மறைக்க முடியாது.

இந்த வகையில் ஸ்கோரைப் பார்த்தால் ஏமாற்றம்தான். எதிரணியில் கூடைக்கு அடியில் நிற்பவனே நம்ம ஃபார்வர்டைவிடக் குட்டையாக இருப்பான், அப்புறம் ரீபவுண்டை, அதாவது தவறிய ஷாட்டைப் பிடிப்பதை, எண்ணி என்ன பயன்? டிஃபென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. ஆனால் 2024இல் இதற்கும் ஒரு உபயோகம் இருந்தது. பழைய கோச் காலிபாரி ஆர்கன்சா கல்லூரிக்குப் போனதும் டீமே காலி, சான் டியேகோ ஸ்டேட்டிலிருந்து லமான்ட் பட்லர், டேட்டனிலிருந்து கோபி பிரே, ட்ரெக்ஸலிலிருந்து அமாரி வில்லியம்ஸ், ஓக்லஹோமாவிலிருந்து ஒடேகா ஓவே என்று மூலைக்கு ஒருத்தராகக் கூட்டி வந்தது. ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்குப் பந்து எப்படிப் போகிறது, யார் ஓடினால் யார் பார்க்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள எதிரில் யார் நின்றாலும் பரவாயில்லை. அந்த டீம் நவம்பர் 12 அன்று டியூக்கை 77-72 என்று அடித்தது, மார்ச்சில் நடக்கும் தேசிய நாக்அவுட் போட்டியில் கடைசி 16 வரை போனது. அந்த இரண்டு மேட்சைப் பார்த்து அதைச் சொல்லியிருக்க முடியுமா? சத்தியமாக முடியாது. பாஸ் அழகாகப் போனது என்று சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

இந்த வகையில் தோற்றால்தான் பெரிய கலவரம். 2009 நவம்பரில் சிரக்யூஸ் தன் ஊரிலேயே இருக்கிற லெ மொய்ன் என்ற டிவிஷன் டூ கல்லூரியிடம் 82-79 என்று தோற்றது. ஊரே சிரித்தது. பிறகு அதே டீம் 30 வெற்றி 5 தோல்வியோடு முடித்தது, மார்ச் போட்டிக்குத் தன் பிரிவில் நம்பர் ஒன் டீமாகப் போனது. எப்படி? சிரக்யூஸ் என்றாலே இரண்டு-மூன்று ஜோன் டிஃபென்ஸ், ஆளை விட்டு இடத்தைக் காப்பது, கோச் போஹைம் வருஷக்கணக்கில் அதை வைத்தே பிழைத்தவர், அன்றைக்கு அதை விட்டுவிட்டு ஆளுக்கு ஆள் காவலை ஆடவைத்துப் பார்த்தார். கையில் இருக்கிற கத்தியை உறையிலேயே வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனால் அடி விழத்தான் செய்யும். அதனால் எக்ஸிபிஷன் தோல்வி என்றதும் நான் முதலில் கேட்பது, கோச் எதை வெளியே எடுக்கவில்லை என்பதைத்தான்.

அடுத்தது வெளிநாட்டுப் பயணம். நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் அனுமதி, கோடையிலேயே கூடுதல் பயிற்சி நாட்களும் கிடைக்கும். கென்டக்கிக்கு பஹாமாஸ் என்றால் அத்தை வீடு மாதிரி, 2014, 2018, 2022 என்று மூன்று முறை போய்விட்டு வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான், ரொம்ப ஏமாற்றியதும் இதுதான்.

2014இல் அங்கே ஆறு மேட்ச், அதில் ஒன்று டொமினிக்கன் குடியரசிடம் 63-62 தோல்வி. வில்லி காலி-ஸ்டைன், ட்ரே லைல்ஸ் இருவரும் காயத்தால் ஆடவேயில்லை. ஐந்து ஐந்து பேராக இரண்டு குழு பிரித்து மாற்றி மாற்றி இறக்குவதை அங்கேதான் ஒத்திகை பார்த்தார்கள். அந்த டீம் 38 மேட்ச் தொடர்ந்து ஜெயித்து, கடைசி நால்வர் சுற்றில் விஸ்கான்சினிடம் 71-64 என்று ஒரே ஒரு தோல்வியோடு வீடு திரும்பியது. 2018இல் போன டீமோ பஹாமாஸில் ஒன்றும் தோற்கவில்லை, நான்குக்கு நான்கு. வந்து சீசனின் முதல் மேட்சிலேயே டியூக்கிடம் 118-84. ஆர்.ஜே. பேரட் 33, ஸயான் வில்லியம்சன் 28. கோடையில் நாங்கள் பேசிய பேச்சையெல்லாம் அந்த ஒரு ராத்திரியில் திருப்பி வாங்கிக்கொண்டோம். பயணத்தில் தோற்ற டீம் 38-1, தோற்காத டீமுக்கு 34 புள்ளி உதை. இதை வைத்து யாராவது ஜோசியம் சொல்லுங்கள் பார்ப்போம்.

2023 ஜூலையில் அமெரிக்காவின் சார்பில் போய் ஆடிய டொராண்டோ குளோபல் ஜாம் இன்னும் மோசமான கதை, ஏனென்றால் அங்கே ஆட்டம் நிஜமாகவே நன்றாக இருந்தது. நான்குக்கு நான்கு, கடைசி மேட்சில் கனடாவை 89-72. ஏரன் பிராட்ஷா, உகோனா ஓன்யென்சோ என்ற இரண்டு நெட்டை ஆட்களும் காயத்தில் வெளியே, அதனால் வேறு வழியில்லாமல் ட்ரே மிட்செலை சென்டரில் போட்டு ஐந்து பேரும் வெளியே பரவி ஆடினார்கள். பந்து என்னமாய்ப் பறந்தது! நெட்டை ஆட்கள் சீசனுக்குள் திரும்பி வர வர அந்தப் பழைய இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது, குளிர்காலம் முழுக்க "டொராண்டோ மாதிரி ஆடுங்கடா" என்று கத்திக்கொண்டிருந்தோம். முடிவு உலகத்துக்கே தெரியும், மார்ச்சில் ஓக்லண்ட் 80, கென்டக்கி 76, ஜாக் கோல்கே என்ற ஒருத்தர் மட்டும் பத்து திரீ, அதாவது தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட். கென்டக்கி கோச்சாக காலிபாரிக்கு அதுதான் கடைசி மேட்ச். கோடையில் பார்த்த டீம் பொய்யில்லை, ஆனால் நவம்பரில் அந்த டீமே இல்லை. வெளிநாட்டுப் பயணத்தில் எனக்கு இருக்கிற சந்தேகம் இதுதான், இடையில் மூன்று மாதம் இருக்கிறது, ஆள் மாறுகிறது, எதிரில் இருப்பவர்களும் யார் யாரையோ சேர்த்துக்கொண்டு வந்த கூட்டம்.

கதவைச் சாத்திக்கொண்டு ஆடும் ஸ்கிரிமேஜ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம் கிடையாது, டிவி கிடையாது, நடுவில் நிறுத்தித் திரும்ப ஆடச் சொல்லலாம். கோச்சுகளுக்கு அது தங்கம். நமக்கு மிஞ்சுவது யாரோ ஒரு நிருபர் கேள்விப்பட்டதாக எழுதும் ஒரு ஸ்கோர், அது முழு மேட்ச் ஸ்கோரா இருபது நிமிஷ ஸ்கோரா என்றுகூடத் தெரியாது. ரசிகனுக்கு இது வதந்தி, அவ்வளவே.

கடைசி வகை, டிவிஷன் ஒன் டீமும் டிவிஷன் ஒன் டீமும் டிக்கெட் போட்டு மோதுவது. முன்பெல்லாம் நிவாரண நிதி, நல்ல காரியம் என்று சொல்லித் தனி அனுமதி வாங்கித்தான் நடத்தினார்கள், இப்போது சாதாரணமாகிவிட்டது. இதுவும் ஏமாற்றும், மறுக்கவில்லை. 2022 அக்டோபரில் டெனசி கொன்ஸாகாவை 99-80 என்று துவைத்தது, இரண்டே வாரத்தில் கொலராடோவிடம் 78-66 என்று தோற்றது. ஆனால் 2024 அக்டோபர் 25ஐப் பாருங்கள். பட்டியலில் முதலிடத்தில் இருந்த கான்சஸை ஆர்கன்சா 85-69 என்று வீழ்த்தியது. பிறகு ஆர்கன்சா தன் லீக்கான எஸ்இசியில் முதல் ஐந்து மேட்சையும் தோற்றதும் எல்லாரும் அந்த அக்டோபர் மேட்சைக் குப்பையில் போட்டார்கள். மார்ச்சில் முதல் சுற்றில் யாரோடு யார்? அதே இரண்டு பேர். ஆர்கன்சா 79, கான்சஸ் 72. ஐந்து மாதம் கழித்து, சுற்றி வந்து, அதே விடை.

இப்போது ரப் அரீனாவுக்கு வருவோம். 78-65, 84-70. தோல்வி ராத்திரியில் எல்லாரும் திட்டியது அட்டாக்கை, "கோல் போடத் தெரியவில்லை, பாயிண்ட் கார்டு இல்லை" என்று. உண்மைதான், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டு, பிட்ஸ்பர்கிலிருந்து வந்த ஜேலண்ட் லோ தோள் காயத்தோடு உட்கார்ந்திருந்தார், ஃப்ளோரிடாவிலிருந்து வந்த டென்ஸல் ஆபர்டீன் கையில்தான் பந்து. ஆனால் கழித்துப் பாருங்கள். அட்டாக்கில் குறைந்தது 78இலிருந்து 70, எட்டுப் புள்ளி. டிஃபென்ஸில் கூடுதலாக விட்டது 65இலிருந்து 84, பத்தொன்பது. பாயிண்ட் கார்டு இல்லாத குறை இரண்டு மேட்சுக்கும் பொதுவானது, பர்டூவோடு ஆடியபோதும் லோ இல்லை. அப்படியென்றால் மாறியது என்ன? முதல் நாள் எதிரில் நம்பர் ஒன், ஒவ்வொரு பந்துக்கும் பாய்ந்தார்கள். இரண்டாம் நாள் எதிரில் பட்டியலில் இல்லாத டீம். இந்த டீமுக்குச் செலவு சுமார் 2.2 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. காசு கொடுத்தால் ஆள் கிடைக்கும், எல்லா நாளும் பாயும் ஆள் கிடைப்பது வேறு சமாச்சாரம்.

சீசன் வந்தது. லூயிவில்லிடம் 96-88. நவம்பர் 18, நியூயார்க், மிச்சிகன் ஸ்டேட்டிடம் 83-66. இந்த ஸ்கோரை ஜார்ஜ்டவுன் ஸ்கோரோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 84-70, 83-66. நகல் எடுத்த மாதிரி. பிறகு ரப் அரீனாவிலேயே நார்த் கரோலினாவிடம் 67-64, அன்றைக்கு 13 திரீ எறிந்து ஒன்றுதான் விழுந்தது. டிசம்பர் 5, நாஷ்வில், கொன்ஸாகாவிடம் 94-59, டிக்கெட் வாங்கி வந்த நம்ம ரசிகர்களே எதிர்த்துக் கூச்சல் போட்டார்கள். நான்கில் மூன்று மேட்சில் எதிரணி 80ஐத் தாண்டியது. நண்பனை அழைத்தேன், எடுக்கவில்லை.

அப்படியென்றால் பர்டூ மேட்ச் பொய்யா என்றால், அங்கேதான் நான் கொஞ்சம் பின்வாங்க வேண்டியிருக்கிறது. டிசம்பர் 13 அன்று இந்தியானாவை 72-60. ஒரு வாரம் கழித்து அட்லாண்டாவில் ரிக் பிட்டினோவின் செயின்ட் ஜான்ஸ், 1996இல் போப் கேப்டனாக இருந்து கப் ஜெயித்தபோது கோச்சாக இருந்த அதே பிட்டினோ. குருவும் சிஷ்யனும் எதிரெதிரே. கென்டக்கி 78-66. பர்டூவோடு 78-65. ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம்! ஆக அக்டோபரில் பார்த்த இரண்டு கென்டக்கியும் டிசம்பருக்குள் கிட்டத்தட்ட அதே ஸ்கோரோடு நேரில் வந்துவிட்டன, நாம் அழுதது முதலிலும் நாம் ஆடிப்பாடியது பின்னாலுமாக.

இருந்தாலும் என் ஓட்டை மாற்றவில்லை. ஜெயித்த மேட்ச் இந்த டீம் எட்டக்கூடிய உயரத்தைக் காட்டியது, அந்த உயரம் இருக்கிறது என்பது சம்பளப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். தோற்ற மேட்ச் காட்டியது, பந்து கூடைக்குள் போகாத நாளில் இவர்கள் திரும்பி ஓடித் தடுப்பார்களா என்பதை. அது எந்தப் பட்டியலிலும் இருக்காது, நேரில் பார்த்தால்தான் தெரியும். அடுத்த வருஷம் அக்டோபரில் ஒரு டிவிஷன் டூ மேட்சும் ஒரு பெரிய டீமும் வந்தால், முதல் மேட்ச் அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கப் போகிறேன். இரண்டாவதைப் பார்ப்பேன், அதுவும் ஸ்கோர் போர்டைவிட, ஷாட் தவறிய அடுத்த நொடியில் நீலச் சட்டைகள் ஐந்தும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதை.

ஒன்று மட்டும் எந்த வகை மேட்சிலும் பார்க்க முடியாது, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து தேறிக்கொண்டிருந்த ஜேடன் குவெய்ன்டன்ஸ் அக்டோபர் மேட்ச் இரண்டிலும் இறங்கவில்லை. முதல்முறை கென்டக்கி சட்டையில் மேட்ச் ஆட இறங்கியதே அந்த செயின்ட் ஜான்ஸ் நாளில்தான். 10 புள்ளி, 8 ரீபவுண்ட். நண்பன் அன்றைக்கு உடனே எடுத்தான்.