கருப்பட்டியும் தொதலும் எக்ஸ்ரேயில் சிக்கும் கதை: ராமநாதபுரத்திலிருந்து திரும்பும் சபுராளிகளுக்கு

சபுராளி என்றால் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன நம் ஆட்கள். விடுமுறை முடிந்து கிளம்பும்போது விமான நிலைய செக்யூரிட்டியில் அவர்களை நிறுத்துவது பெரும்பாலும் லேப்டாப்போ கேமராவோ இல்லை. வீட்டுப் பெண்கள் பாசத்தோடு கட்டிக் கொடுத்த சாப்பாட்டுச் சாமான்தான். எது கூடவே எடுத்துப் போகும் கைப்பைக்கு, எது கவுண்டரில் போடும் பெட்டிக்கு, எது வீட்டிலேயே இருக்கட்டும் என்று முந்தின நாள் ராத்திரியே பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து. கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு மதுரைதான் பக்கம். தொண்டிப் பக்கம் பலர் திருச்சி போகிறார்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கி.மீ. ஏதாவது ஆகாது என்று எடுத்து வைத்தால் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வரும் தூரமா அது? அதனால் வழியனுப்ப வந்த வேனை உடனே திருப்பி அனுப்பாதீர்கள். பெட்டி ஸ்கேன் முடிந்து போர்டிங் பாஸ் கைக்கு வந்தபிறகு போன் பண்ணிச் சொன்னால் போதும்.

எக்ஸ்ரே திரையில் உணவு, துணி, காகிதம், பிளாஸ்டிக் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும்; இரும்பு, செம்பு போன்றவை நீலம்; கலந்திருந்தால் பச்சை. வெடிபொருளும் கரிமப் பொருள்தான் என்பதால் அதுவும் ஆரஞ்சாகத்தான் தெரியும். கருப்பட்டியை அடுக்கடுக்காக வைத்துத் துணியால் இறுக்கிச் சுற்றினால், திரையில் அடர்ந்த ஆரஞ்சுக் கட்டியாக நிற்கும். கீழக்கரைத் தொதல் இன்னும் மோசம்: அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்துக் கிண்டிய எண்ணெய்ப் பிசுபிசுப்புள்ள கெட்டிப் பாளம். பார்க்கிறவர் பெட்டியைத் திறக்கச் சொல்வதில் தப்பே இல்லை. கருப்பட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் பெட்டி முழுக்கப் பரப்பி வையுங்கள். தொதலைத் தட்டையாக வெட்டி, உள்ளே இருப்பது தெரியும் டப்பாவில் போட்டு மேலாக வையுங்கள். பக்கத்தில் சார்ஜர், வயர் சுருள் எதுவும் வேண்டாம். கட்டியும் வயரும் சேர்ந்து தெரிந்தால் கேள்வி இரட்டிப்பாகும். பெட்டிச் சாவி சட்டைப்பையில் இருக்கட்டும். அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டுகிறவர்கள் ஒரு டேப் சுருளையும் கொண்டு போங்கள். அறுப்பவர்கள் திரும்பக் கட்டித் தர மாட்டார்கள்.

கொப்பரை கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. எண்ணெய்ச் சத்து அதிகமான காய்ந்த தேங்காய் குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். சர்வதேச ஆபத்துப் பொருள் பட்டியலில் அதன் எண் 1363. முழுத் தேங்காயும் கைப்பையில் ஏறாது. சபரிமலைக்குப் போகிறவர்களின் இருமுடித் தேங்காய்க்கு 2024 அக்டோபரிலிருந்து 2025 ஜனவரி வரை தனியாகச் சலுகை அறிவிக்க வேண்டி வந்தது என்றால் விதி எவ்வளவு கண்டிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவாடு பெட்டியில் போகலாம். நெத்திலியோ சீலாவோ, ஈரம் இல்லாமல் காயவைத்து, காற்றை உறிஞ்சி சீல் வைத்து, அதன்மேல் இன்னொரு உறை போட வேண்டும். வாடை வந்தால் கவுண்டரிலேயே மறுத்துவிடுவார்கள். ஊறுகாய், மிளகாய்ப்பொடி, மசாலாப்பொடி எதையும் கைப்பையில் வைக்காதீர்கள். ராமேஸ்வரம் தீர்த்தம் 100 மி.லி.க்கு மேல் என்றால் பெட்டிக்குத்தான்; வாய் அடைத்த செம்பைவிடப் பிளாஸ்டிக் பாட்டில் நல்லது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்து கசகசா. அமீரகம், சவூதி, சிங்கப்பூர் மூன்றிலும் அது போதைப்பொருள் கணக்கில் வரும். நம் வீட்டுக் குருமாப் பொடியில் கசகசா அரைத்துச் சேர்த்திருப்பார்கள். பொட்டலத்தைப் பார்த்தால் தெரியாது. அரைத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பவர் பேங்க் பெட்டியில் போகவே கூடாது, கைப்பையில் மட்டும். 100 வாட்-அவர் வரை அனுமதி உண்டு. மில்லி ஆம்பியர் எண்ணை 1000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்கினால் வாட்-அவர் வரும். 20,000 என்று போட்டிருந்தால் 74. எண் அழிந்துபோன பவர் பேங்கைக் காட்டி வாதாடிப் பயனில்லை. தெரியாமல் பெட்டியில் வைத்துவிட்டால், இமிகிரேஷன் தாண்டிய பிறகும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

உடல் சோதனை எளிது. பெண்களைத் திரை மறைவில் பெண் காவலர்தான் சோதிப்பார். முக்காட்டில் குத்திய பின்கள், வெள்ளி அரைஞாண், தாயத்து எல்லாவற்றுக்கும் கருவி கத்தும். பதறாமல் இன்னது என்று சொன்னால் போதும். மூட்டு மாற்று அறுவை செய்த பெரியவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்சுலினைக் கைப்பையில் மருந்துச் சீட்டோடு வையுங்கள்.

குடியரசு தினம், சுதந்திர தினம் ஒட்டிய நாட்களில் விமானத்தில் ஏறும் இடத்திலும் இன்னொரு முறை பையைத் துழாவுவார்கள். பார்வையாளர் சீட்டும் நிறுத்தப்படும். பொங்கல் முடிந்து திரும்புகிறவர்கள் இதில் மாட்டுவது வழக்கம். பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாளான டிசம்பர் 6-க்குப் பாம்பனிலேயே சோதனை தொடங்கிவிடும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள்.

கடற்கரையில் பொறுக்கிய பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, காய்ந்த கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிள்ளைகள் பையில் போட்டு வைத்திருப்பார்கள், ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.

ஊருக்கு வரும்போதும் ஒரு எச்சரிக்கை. வளைகுடாவில் கப்பல், எண்ணெய்க் கிணறு வேலையில் இருப்பவர்கள் துராயா, இரிடியம் சாட்டிலைட் போனைப் பழக்கத்தில் கொண்டு வந்துவிடுவார்கள். அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருந்தால் பறிமுதலோடு நிற்காது, கைதாகவும் நேரும். 2008 மும்பைத் தாக்குதல்காரர்கள் சாட்டிலைட் போன் வைத்திருந்ததிலிருந்து இதில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. இலங்கைக்கு எதிரே இருக்கும் நம் கரையில் கேட்கவே வேண்டாம்.

கொழும்பு வழியாகப் போகிறவர்களுக்கு அங்கே இன்னொரு சோதனை உண்டு. மதுரையில் செக்யூரிட்டி தாண்டி வாங்கிய தண்ணீர் பாட்டிலும் அங்கே குப்பைக்குத்தான் போகும். டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய திரவம் என்றால் சீல் வைத்த பையைப் பிரிக்காமல், பில்லோடு அப்படியே வைத்திருங்கள்.